பதினோராவது தட்டு

என் கையில் எதைக் கொடுத்தாலும் மடித்துவிடுவேன். சேலையைக் கொடுத்தால் மயில், துவாயைக் கொடுத்தால் அன்னம், கைக்குட்டையைக் கொடுத்தால் ரோஜா. தெமோதரையிலிருந்து ஹாலிஎல வரைக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம் என்றாலும், சடங்கு என்றாலும், சீர்த் தட்டு அலங்காரம் என்னுடையதுதான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான். வரிசை வீடுகளான எங்கள் லயத்தின் கடைசி வீட்டில், அப்பா இழுத்துக் கட்டிக் கொடுத்த தகரக் கூரை அறையில் என் தொழில் நடக்கிறது. லேஸ், முத்து, ஜரிகை, பசை, மினுமினுக்கும் தாள் என்று அறை நிறைய இருக்கும். உட்காரத்தான் இடம் இருக்காது.

அந்த அறை வாசலில் ஒரு மழைச் சாயந்திரம் ஒருவர் வந்து நின்றார். மேல் டிவிசன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சேர். பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். மூக்குக் கண்ணாடி முழுக்க மழைத்துளி. அதைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் கைபேசியை என் பக்கம் நீட்டி, இதைத் தாளில் மடிக்க முடியுமா என்று கேட்டார். பார்த்தேன். தேன்கூட்டைத் தங்கத்தில் செய்து ஒரு பட்டத்தின் மேல் நிறுத்தியது போல இருந்தது. என்ன சாமான் என்றே எனக்கு விளங்கவில்லை. முடியும் என்றேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு அத்தை கேட்டார். அந்த மழைத்துளி விழுந்த கண்ணாடிக்காகத்தான் என்று அவரிடம் சொல்ல முடியுமா?

எனக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் என் வாயே விரட்டியது என்பது அத்தையின் கட்சி. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருக்கிறார், என் தொழிலில் பாதி அவர். கடைசியாக வந்த மாப்பிள்ளை என் அறையை எட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இந்தக் குப்பையெல்லாம் எதற்கு என்றார். குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதோடு தரகரும் வருவதை நிறுத்திவிட்டார். அப்படிப்பட்ட நான், இந்த மனிதர் பேசப் பேச வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தை என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

அவர் சொன்னது இதுதான். அது ஒரு தொலைநோக்கி. பூமியில் இல்லை, நிலவையும் தாண்டி எங்கோ அப்பால் மிதக்கிறது. கொண்டுபோன ராக்கெட்டுக்குள் அது கொள்ளவில்லையாம். அதனால் மடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஒளி வாங்குகிற கண்ணாடியையும் மடித்து, அதற்கு வெயில் படாமல் விரிக்கிற குடையையும் மடித்து அனுப்ப, போகிற வழியில் அது தானாகவே விரிந்திருக்கிறது. பதுளையில் நடக்கும் கண்காட்சிக்கு அவருடைய பிள்ளைகள் அட்டையில் ஒன்று செய்து பார்த்தார்கள். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் மடியவில்லை. மடிந்து விரியாவிட்டால் அது அந்தத் தொலைநோக்கியே இல்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. சீர்த் தட்டு அக்காவிடம் கேட்டுப் பாருங்கள் என்று பிள்ளைகள்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

"விரியிறப்ப நடுவுல சிக்கிக்கிட்டா யாரு போயி எடுத்து விடுவாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் போக முடியாதுங்க. அவ்வளவுதான்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஒரு சேலை மயிலின் தோகை சரிந்தாலே நான் மண்டபத்துக்கு ஊசியோடு ஓடுகிறவள். யாரும் போக முடியாத இடத்துக்கு இத்தனை மடிப்பை அனுப்பிவிட்டுக் கீழே உட்கார்ந்திருந்தவர்களுக்கு எப்படிச் சோறு இறங்கியிருக்கும்? அன்றைக்கே செய்வதென்று முடிவு செய்துவிட்டேன்.

அவரிடம் இன்னொரு செய்தியும் இருந்தது. அடுத்த பள்ளித் தவணையிலிருந்து அவருக்கு லுணுகலைப் பக்கம் மாற்றம். போவதற்கு முன் பிள்ளைகளுக்கு இதைச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இந்த அவசரம். லுணுகலை ஒன்றும் வேறு நாடு இல்லை, பதுளை போய் பஸ் மாறினால் வந்துவிடும். ஆனால் அங்கே இருக்கிற ஒருவர் எங்கள் லயத்துக் கடைசி வீட்டுக்கு எதற்கு வரப் போகிறார்? கண்காட்சி சனிக்கிழமை. அது முடிந்தால் இந்த மனிதர் என் வாசலுக்கு வர ஒரு காரணமும் இல்லை. சேர்மார் டீச்சர்மாரைத்தான் கட்டுவார்கள் என்று அத்தை வேறு, நான் ஒன்றும் கேட்காமலே, அரிசி புடைத்தபடி காற்றுக்குச் சொல்லி வைத்தார்.

வேலையைத் தொடங்கினோம். பள்ளிக்கூடம் விட்டு அவர் நேராக வந்துவிடுவார். கண்ணாடிக்குப் பதினெட்டு அறுகோணம் வேண்டும், எல்லாம் ஒரே அளவில். தட்டுக்கு வாங்கி வைத்திருந்த தங்க நிறத் தாளை எடுத்தேன். சதுரத் தாளை அறுகோணமாக மடிக்கிற வித்தையை அவர் படம் போட்டு விளக்கினார். நான் படத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தேன். அடேயப்பா, அவ்வளவு நன்றாக விளக்குகிற மனிதருக்கு மடிக்க வரவில்லை! அவர் மடித்த அறுகோணம் ஒன்று ஐந்து மூலையோடு நின்றது. இன்னொன்று வடை மாதிரி உப்பியிருந்தது. அசடு வழிய என்னிடம் நீட்டினார். நான் மட்டும் என்ன குறைச்சலா? பழக்கதோஷத்தில் ஒரு ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி, நிமிர்ந்து பார்த்தால் கையில் மயில் கழுத்து. விண்வெளியில் மயில் இல்லைங்க என்றார், மிகவும் மரியாதையாக. நான் சிரிக்க, அவர் சிரிக்க, வெளியே அத்தை முறத்தைச் சத்தமாகத் தட்டினார்.

கண்ணாடிகளை ஒன்றோடொன்று பொருத்தி, இரண்டு பக்கமும் மும்மூன்று பின்னால் மடிகிற மாதிரி வைத்தாயிற்று. எதிரே ஒரு சின்னக் கண்ணாடி மூன்று கால்களில் நிற்க வேண்டும். விளக்குமாற்று ஈர்க்கை உருவித் தரட்டுமா என்று கேட்டேன். கூடாது, தாள்தான், தாளைத் தவிர இழுக்கிற நூல் மட்டும்தான் என்று பிடிவாதம் பிடித்தார். தாளையே ஈர்க்கு மாதிரி சுருட்டினேன். அவர் பிடிவாதம் எனக்குப் பிடித்திருந்தது. வேறு யாராவது என் அறையில் உட்கார்ந்து அது கூடாது இது கூடாது என்றிருந்தால் கத்தரிக்கோலை எடுத்திருப்பேன்.

குடைதான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. வெள்ளித் தாள், ஐந்து அடுக்கு, ஒன்றின் மேல் ஒன்று இடைவெளி விட்டு, பட்டம் வடிவில். நூலை இழுத்தால் ஐந்தும் சேர்ந்தாற்போல விரிய வேண்டும். அவர் கொண்டு வந்த மடிப்பு அழகாக இருந்தது, ஆனால் எங்கள் ஊர்ப் பனிக்கு அது ஆகவில்லை. சாயந்திரம் மூடுபனி இறங்கியதும் தாள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. இழுத்தால் நூல் மட்டும் கையோடு வந்தது. மறுநாள் நான் கல்யாணச் சேலைக்குக் கொசுவம் எடுத்து இஸ்திரி போட்டு வைக்கிற மாதிரி மடித்துப் பார்த்தேன். கொசுவம் நின்றது, அடுக்கு பிரியவில்லை. அவர் தாளை அடுப்பங்கரையில் காய வைத்தார். ஓரம் சுருண்டது.  அன்றைக்கு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தொலைநோக்கிக்காகவா என்று கேட்காதீர்கள்.

அப்போதுதான் அத்தை கோயிலுக்குப் புறப்பட முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். அவர் போடுகிற பவுடரில் பாதி தரையில்தான் விழும். அதைப் பார்த்ததும் டப்பாவைப் பிடுங்கி, வெள்ளித் தாள் அடுக்குகளுக்கு நடுவே தட்டினேன். கொசுவத்தை எடுத்து, பவுடர் போட்டு, அடுக்கினேன். சேர் நூலைப் பிடித்தார்.  இழுத்தார். சர்ரென்று ஒரு சத்தம். ஐந்து அடுக்கும் ஒன்றின் பின் ஒன்றாகப் பிரிந்து பரவி, மேலே தங்கக் கண்ணாடி இரண்டு பக்கமும் சிறகை விரித்து நின்றது. அறை முழுக்கப் பவுடர் புகை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சேர் கையைத் தட்டிக்கொண்டு குதித்ததில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிப் பசைச் சட்டிக்குள் விழுந்தது. பசையிலிருந்து எடுத்து அதை நான் கழுவிக் கொடுத்தபோது, கண்ணாடியில்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை மட்டும் காலி டப்பாவைத் தலைகீழாக ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு லேஸ் சண்டை. தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு போக ஒரு தாம்பாளத்தில் உட்கார வைத்தேன். என் தாம்பாளம் மொட்டையாக வெளியே போனதே கிடையாது. சுற்றி முத்து லேஸ் வைத்தேன். விண்வெளியில் லேஸ் கிடையாதுங்க என்றார். நீங்கள் போய்ப் பார்த்தீர்களா என்றேன். படம் இருக்கிறது என்றார். படத்தில் தாம்பாளமும்தான் இல்லை என்றேன். இப்படியே பஸ் வருகிற வரைக்கும் போனது. கடைசியில், தொலைநோக்கியில் ஒன்றும் கூடாது, தாம்பாளத்து விளிம்பில் ஒரே ஒரு வரி முத்து மட்டும் இருக்கலாம் என்று சமாதானமானோம். நான் இரண்டு வரி வைத்தேன். அவர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது. இனிச் செய்ய ஒரு மடிப்பும் பாக்கியில்லை.  இடது பக்கச் சிறகு கொஞ்சம் ஆடுகிறது, நாளைக்கும் வந்துவிட்டுப் போங்கள் என்று கூசாமல் சொன்னேன். வெள்ளிக்கிழமை வந்தார். சிறகைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகத்தானே இருக்கிறது என்றார். ஆமாம், ராத்திரியே சரியாகிவிட்டது என்றேன். அப்படிச் சொன்னதற்குப் பிறகும் அவர் எழுந்து போகவில்லை. கடைசி பஸ் ஹோர்ன் அடிக்கிற வரைக்கும் நாங்கள் மழையைப் பற்றியும், லுணுகலையில் வீடு கிடைக்குமா என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். சொல்ல வேண்டியதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஊரையே வாயால் அடக்குகிறவளுக்கு அன்றைக்கு என்ன கேடோ.

அதே சனிக்கிழமை ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பிள்ளை பெரியவளாகி, அவளுக்குச் சடங்கு. தட்டு பதினொன்று கேட்டிருந்தார்கள். சீர்த் தட்டு எங்களுக்கு எப்போதும் ஒற்றைப்படையில்தான் வர வேண்டும். இரட்டையில் வந்தால் வாசலிலேயே முகத்தைச் சுளிப்பார்கள். வளையல் தட்டை மட்டும் முதல் நாளே பிள்ளையின் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இதை அத்தையிடம் சொல்ல மறந்துவிட்டேன். என் மண்டையில் அந்த வாரம் தட்டா இருந்தது? விடிந்ததும் லொறி வந்தது. அத்தை தட்டுகளை ஏற்றிக்கொண்டு முன்னால் போவதாகவும், நான் சேரிடம் தொலைநோக்கியைக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருவதாகவும் ஏற்பாடு. நான் பீலிக்கரைக்குக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் அறை துடைத்துப் போட்டது போலக் கிடந்தது. மேசையில் தொலைநோக்கி இல்லை. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அத்தைக்குப் போன் போட்டேன். பின்னணியில் நாதஸ்வரம் அலறியது.

"எண்ணிப் பாத்தேன், பத்துத்தான் இருந்துச்சு. இரட்டப்படையில எப்பிடிக் கொண்டு போறது? மேசையில லேசோட ஒண்ணு சும்மா இருந்துச்சு, நீ பின்னால வந்து எடுத்துக்குவன்னு அதையும் ஏத்திட்டேன்" என்றார் அத்தை, ஏதோ என் மானத்தைக் காப்பாற்றியவர் போல.

அந்த நேரம் பார்த்து வாசலில் த்ரீவீலர் வந்து நின்றது. சேர் புதுச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, தொலைநோக்கியை வாங்கிக்கொண்டு போக இறங்கினார். நான் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திருதிருவென்று முழித்துவிட்டு, அப்படியானால் அது இப்போது பன்னிரண்டாவது தட்டா என்று கேட்டார். அந்த நேரத்திலும் கணக்கு! ஏறுங்கள் என்றேன். ஒரு கையால் ஈரத் தலையைப் பிழிந்துகொண்டும், மறு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டும் ஹாலிஎல வரைக்கும் போனேன். ஒவ்வொரு வளைவிலும் அவர் என் மேல் சாய, ஒவ்வொரு வளைவிலும் மன்னிப்புக் கேட்டார். அந்தப் பாதையில் எத்தனை வளைவு என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலில் விழுந்து கும்பிட்டாவது தொலைநோக்கியை வாங்க வேண்டிய நிலையில், நான் ஏன் சிரித்துக்கொண்டே போனேன் என்று எனக்கே விளங்கவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சீர் வரிசை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்திலிருந்து புறப்பட்டுவிட்டது. முன்னால் பழத் தட்டு, பிறகு லட்டு, பிறகு சேலை மயில், அதற்குப் பின்னால் பிள்ளையின் மாமன் மனைவி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, தங்கமாக மின்னிக்கொண்டு, எங்கள் தொலைநோக்கி. வரிசையை மறிப்பதா? சடங்கு வீட்டில் அதைவிடக் கேடு வேறில்லை. வரிசையோடு நாங்களும் நடந்தோம். அது என்ன பூ என்று ஒருத்தி கேட்டாள். சூரியகாந்தி என்று இன்னொருத்தி சொன்னாள். இல்லை, அம்மன் கிரீடம் என்றார் ஒருவர். அத்தை ஒரு நொடி தயங்கினாரா பாருங்கள்! இது ராக்கெட் தட்டு, இப்போது இதுதான் பேஷன் என்று அடித்துவிட்டார்.

வளையல் தட்டையும் சேர்த்து வைத்தபோதுதான் பன்னிரண்டு என்று அவர்களுக்குத் தெரிந்தது. பந்தலில் ஒரு சலசலப்பு. எனக்கு உயிர் வந்தது. ஒன்றை எடுத்துவிட வேண்டும், இதைக் கொடுத்துவிடுங்கள் என்று முன்னால் போனேன். பிள்ளையின் அம்மா விடவில்லை. இத்தனையிலும் இதுதான் லட்சணமாக இருக்கிறது, எடுப்பதானால் லட்டை எடு என்று சொல்லிவிட்டார். லட்டு உள்ளே போனது. தொலைநோக்கி பதினோராவது தட்டாகப் பிள்ளையின் முன்னால் உட்கார்ந்தது. அதோடு விட்டார்களா? விரிந்து தட்டையாக இருந்த வெள்ளிக் குடையின் மேல் ஒருத்தி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தாள். இன்னொருத்தி இடது சிறகில் குங்குமம் வைத்தாள். மூன்றாமவள் குடை மேல் ஒரு வெற்றிலையைப் போட்டு, கற்பூரத்தை வைத்து, நான் வாயைத் திறப்பதற்குள் பற்ற வைத்துவிட்டாள்.

சூரியச் சூட்டைத் தாங்கத்தான் அந்தக் குடை. ஆனால் எங்களுடையது தாள். ஊதி அணைக்கலாமா என்றால், மங்கல இடத்தில் ஆராத்திக் கற்பூரத்தை ஊதி அணைத்தவளுக்கு இந்த மாகாணத்திலேயே அப்புறம் தட்டு வேலை கிடைக்காது. நான் சிலையாக நின்றுவிட்டேன். சேர் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, எரிகிற கற்பூரத்தோடு அந்த வெற்றிலையை அப்படியே எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஓரமாகக் கொண்டுபோய் வைத்திருக்கலாம். எங்கே வைப்பது என்று தெரியாமல், புதுச் சட்டையும் தானுமாகப் பிள்ளையின் முன்னால் கையை ஏந்திக்கொண்டு நின்றார். பந்தல் முழுக்கச் சிரிப்பு. ஆம்பிளை ஆராத்தி எடுக்கிறதை இப்போதுதான் பார்க்கிறோம் என்றார்கள்.

யார் இவர் என்று ஒரு கிழவி கேட்டார். பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என் ஈரத் தலையையும் எங்கள் இருவருடைய அவசரத்தையும் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"தட்டுக்காரப் புள்ளயோட வீட்டுக்காரரு. சொல்லவே இல்லியே! வாம்மா, ரெண்டு பேருமா ஜோடியா நின்னு எடுங்க" என்றார்.

எனக்கு நெஞ்சு அடித்த அடி நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டிருக்கும். இப்போது சொல்வார், இல்லைங்க நான் ஸ்கூல் சேர் என்று இப்போது சொல்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். நானும் ஒன்றும் சொல்லாமல் போய் நின்றேன். இரண்டு பேருமாக அந்தக் கையைப் பிள்ளைக்கு மூன்று முறை சுற்றினோம். அவருடைய மணிக்கட்டை நான் பிடித்திருந்தேன். அத்தை, எதற்கும் வாய் பேசுகிற என் அத்தை, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

பிறகு எல்லாம் ஒரே ஓட்டம். பிள்ளையின் அம்மாவிடம் தொலைநோக்கி விஷயத்தை விளக்கி, பதிலுக்கு லட்டுத் தட்டைத் திரும்ப வைத்து, தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு த்ரீவீலரில் பாய்ந்தோம். விரிந்ததைத் திரும்ப மடிக்க வேண்டும். அவர் மடியும் என் மடியும்தான் மேசை. மஞ்சள் தண்ணீர் பட்ட இடமெல்லாம் தாள் தளர்ந்திருந்தது. கைக்குட்டையால் ஒற்றி, ஊதி, கொசுவம் எடுத்து, பதுளை டவுணுக்குள் நுழையும்போதுதான் கடைசி மடிப்பை வைத்தேன்.  கை சுட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். பொய், கொப்புளம் தெரிந்தது.

மண்டபத்தில் அவருடைய பிள்ளைகள் அழாத குறையாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவர்கள் எங்கள் மேசைக்கு வரவும் நாங்கள் தொலைநோக்கியை வைக்கவும் சரியாக இருந்தது. ஒரு மாணவி அழகாக விளக்கினாள். அங்கே யாரும் போய்த் தொட முடியாது, அதனால் நாங்களும் தொட மாட்டோம் என்று சொல்லி நூலை இழுத்தாள். குடை விரிந்தது. வலது சிறகு விரிந்தது. இடது சிறகு பாதியில் நின்றுவிட்டது. குங்குமம் ஒட்டிக்கொண்டது! என் கை தானாகப் போனது. சேர் மெதுவாகத் தலையை ஆட்டினார். சொன்னது சொன்னதுதான், தொடக்கூடாது. நடுவர்கள் நின்றார்கள். பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஈரம் காய்ந்ததோ, காற்றுத்தான் தள்ளியதோ, சிறகு ஒரு தரம் நடுங்கி, பிறகு மெல்லத் திறந்து, தன் இடத்தில் போய் நின்றது. கைதட்டல் அடங்கிய பிறகுதான் நான் சேருடைய சட்டைக் கையைக் கசக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. அவர் அதை விடுவித்துக்கொள்ளவில்லை.

இதில் கற்பூர வாசனை ஏன் வருகிறது என்று ஒரு நடுவர் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் சோப்பு நுரை கக்கிய ஒரு எரிமலைக்குப் போனது. அந்த எரிமலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போக அவர் நிற்க வேண்டியிருந்தது. என்னை பஸ் நிலையம் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். தெமோதரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துவிட்டேன், இனித் தொல்லை இல்லை என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதுவரைக்கும் காணாமல் போயிருந்த என் வாய் திரும்பி வந்துவிட்டது.

"என் வீட்டுக்காரருன்னு அந்தம்மா சொன்னப்ப, இல்லன்னு ஏன் சொல்லல?" என்றேன்.

"கையில கற்பூரம் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"வாயிலயா எரிஞ்சுச்சு?"

நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார். "இல்லன்னு சொல்ல மனசு வரலைங்க" என்றார். "நீங்களும் சொல்லலியே."

நடத்துனர் ஹாலிஎல, தெமோதரை என்று கூவிக்கொண்டிருந்தார். ஏறுகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வரட்டுங்களா?" என்று கேட்டார், கொப்புளம் போட்ட கையை மறைத்துக்கொண்டு.

கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நடித்திருக்க வேண்டும், பெண்ணென்றால் அப்படித்தான் என்று பிறகு அத்தை தலையில் அடித்துக்கொண்டார். நான் நாளைக்கே வாங்க என்றேன், அதுவும் பாதி பஸ் திரும்பிப் பார்க்கிற குரலில். சொல்லிவிட்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் நகர்ந்து, அவர் கண்ணுக்கு மறைந்த பிறகும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் மரக்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என்னம்மா விசேஷம் என்று கேட்டார். முன்பின் தெரியாத அவரிடம்தான், அப்பாவுக்கும் அத்தைக்கும் சொல்வதற்கு முன்னால், எனக்குக் கல்யாணம் என்று முதன்முதலாகச் சொன்னேன்.